சிவப்புக் காருக்குள் ஒரு டிக் டிக்

குமணன்சாவடி சிக்னலில் என் பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் குனிந்து பார்த்தார். குனிந்துதான் பார்க்க வேண்டும். என் காரின் கூரை அவருடைய ஹேண்டில்பார் உயரம்தான்.

"இன்னா நைனா, வண்டி ஏரோபிளேன் கணக்கா கீது. நீ மாட்டு வண்டி மாரி ஓட்டிகினு வர்றே. ரன்வே கெடைக்கலியா?"

ஆட்டோவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மடியில் வாழைத்தாரை வைத்திருந்த அம்மாள்கூடச் சிரித்தார். பச்சை விழுந்தது. ஆட்டோ போனது. பின்னாலிருந்த தண்ணீர் லாரி என்னைத் தாண்டிப் போனது. ஒரு பழைய மொபெட் போனது. நான் நாற்பதில் போனேன். டிக், டிக், டிக் என்று அதுவும் என்னோடு வந்தது.

அது ஒரு சனிக்கிழமை காலை. மறுநாள் பத்து மணிக்குப் பட்டாபிராமிலிருந்து ஒருவர் அந்தக் காரை வாங்கிப்போக வருவதாக இருந்தது. அதற்குள் டிக் டிக் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கார் என்னுடையது. தெரியாவிட்டால் அவருடையது.

தேதி இல்லாத பக்கம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். சம்பவம் எதுவானாலும் தேதி, கிழமை, முடிந்தால் மணி எல்லாம் போட்டுவிடுவேன். போன மாதம் எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததை நிமிடத்தோடு எழுதியதற்கு ஒரு வாசகி பாராட்டிக் கடிதமே போட்டார்.

இந்த வாரம் மட்டும் மன்னிக்க வேண்டும். அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தின் மேல் மூலையில் எஞ்சின் ஆயில் கொட்டி, தேதி போய்விட்டது. கிழமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. எப்படிக் கொட்டியது என்பது கதையில் வரும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்துத் தள்ளுபடி செய்யும் பிரிவில், முப்பத்தோரு வருடம் இருந்தேன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தூக்கி எறிகிற வேலை. ஓய்வு பெற்ற மறு மாதமே, வெளிநாடு கிளம்பிய ஒரு கம்ப்யூட்டர்காரப் பையனிடமிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். சிவப்பு. இரண்டே இருக்கை. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். வேகத்தடை வந்தால் கோணலாக ஏற வேண்டும். ஏறி உட்காருவது சுலபம். எழுந்து வருவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும்.

என் மனைவி வசந்தா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பின் சீட் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன். "நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு கூட வருவா?" என்றாள்.  பதிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். எஞ்சினை இறக்க வேண்டிய நாள் என்று ஒன்று வந்தால், இறக்காமல் அப்படியே விற்றுவிடுவேன். வாக்கைக் குறிப்பேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை. நான்தான் இன்றுவரை அதற்குக் கட்டுப்பட்டவன்.

நூற்றுப் பத்து

கார் வந்த புதிதில், ஒரு புதன்கிழமை, வெளிவட்டச் சாலைக்குப் போனேன். சாலை காலியாக இருந்தது. முள் நூற்றுப் பத்தைத் தொட்டது. வாழ்க்கையில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. குறிப்பேட்டில் "அதிகபட்ச வேகம்" என்ற கட்டத்தில் நூற்றுப் பத்து என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

அந்த வாரமே சனிக்கிழமை டிக் டிக் ஆரம்பித்தது.

சாவியைத் திருப்பினால் டிக். ஆக்சிலேட்டரை மிதித்தால் டிக் டிக் டிக். இன்னும் மிதித்தால் தட்டச்சுப் பள்ளி. வண்டி நின்றிருந்தாலும் வரும், ஓடினாலும் வரும். அப்படியானால் சக்கரத்தில் இல்லை, எஞ்சினில்தான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதையும் எழுதி வைத்தேன்.

பூந்தமல்லியில் முதல் மெக்கானிக். பானெட்டைத் திறந்து அரை நிமிடம் கேட்டார். டாப்பெட் என்றார். அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளைத் தட்டித் திறக்கிற பாகம். இடைவெளி அதிகமானால் தட்டும் சத்தம் கேட்கும். சரி செய்தார். சத்தம் போகவில்லை. "எங்கன்னு தெரியற வரைக்கும் நாப்பதத் தாண்டாதீங்க சார். தாண்டுனா எஞ்சின் கையோட வந்துடும்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து நாற்பதுதான். ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து கிளம்புகிற மாநகரப் பேருந்து என் பின்னால் வந்தால் ஹாரன் அடிக்கும். சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் இறங்கி, தள்ளவா சார் என்று உண்மையான அக்கறையோடு கேட்டிருக்கிறார்.

டிக்கா, டக்கா?

எந்த மெக்கானிக்கிடம் போனாலும் முதலில் நம்மைத்தான் சத்தம் போடச் சொல்வார்கள். வண்டி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அது பேசுவதை நம்ப மாட்டார்கள். நாம் பேசிக் காட்ட வேண்டும்.

"எப்டி சார் வருது? டிக்கா, டக்கா?"

"டிக்."

"டிக்குன்னா? டிக்கு டிக்கா, டிடிக் டிடிக்கா?"

ஓய்வு பெற்ற ஒரு மனிதன், இஸ்திரி போட்ட சட்டையில், தெருவோரம் நின்று "டிக்... டிக்... டிக்" என்று சொல்வதும், பக்கத்து டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸை வைத்துவிட்டுக் கவனிப்பதும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் நான் நன்றாகவே தேறிவிட்டேன். சூடான எஞ்சினுக்கு ஒரு டிக், குளிர்ந்த எஞ்சினுக்கு ஒரு டிக் என்று வேறுபடுத்திக் காட்டினேன்.

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒலிப்பதிவு செய்து போட்டேன். எல்லாரும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள். மதுரைப் பையன் ஒருவன் பெட்ரோல் சரியில்லை என்றான். நாகர்கோவில் பெண் ஒருத்தி, பின்னணியில் யார் வீட்டுக் குக்கரோ விடாமல் விசிலடிக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்று எழுதினாள். எங்கள் வீட்டுக் குக்கர்தான்.

எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் மார்பில் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டாராம். ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்ததாம். நானும் பழைய மாதக் காலண்டர் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே போனேன். எஞ்சின் மேல் ஒரு முனை, காதில் ஒரு முனை. முன்னால் வைத்தாலும் டிக். பின்னால் வைத்தாலும் டிக். மூக்குக் கண்ணாடி இரண்டு முறை உள்ளே விழப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் பானெட்டுக்குள் தலையை விடவில்லை. மெக்கானிக்குகள் குனிவார்கள், நான் தள்ளி நின்று குறிப்பு எடுப்பேன். அதுவும் முக்கியமான வேலைதான் என்று நினைத்தேன்.

அந்தக் காலண்டர் சடங்கை எங்கள் ஏகாம்பரம் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்ககத்தின் கார்களையெல்லாம் தினமும் காலையில் துடைக்கிறவன். அவன் அப்பா காலத்தில் அந்த இடம் பூராவும் வயலாம். அதில் கூலிக்கு இறங்கிய குடும்பம். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாடியிலிருந்து வசந்தா அவனைக் கூப்பிட்டாள். போய்விட்டான்.

கை வைத்தால் நிற்கும்

இரண்டாவது மெக்கானிக் குமணன்சாவடி தனபால். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற ஆள். நடுவில் கையை எங்கோ ஆழத்தில் விட்டார். சத்தம் நின்றது. கையை எடுத்தார். டிக்.

"பாத்தீங்களா சார்? கை வெச்சா கம்முனு கீது. எடுத்தா அழுவுது. கொயந்த மாரி."

பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்தான் என்று சொல்லி, அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். நான் குறிப்பேட்டில், "தனபால் கை வைக்க, சத்தம் நின்றது. காரணம்: இன்ஜெக்டர்" என்று எழுதினேன். குழந்தை மறுநாளும் அழுதது.

மூன்றாவது, அம்பத்தூரில் ஒரு பெரிய ஒர்க்ஷாப். கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா. வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். கம்ப்யூட்டர், ஒரு குறையும் இல்லை என்றது. காது, இருக்கிறது என்றது. இளைஞர் ஒருவர் டையைச் சரிசெய்துகொண்டு வந்து, எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

அந்தச் சொல் வந்துவிட்டது. இறக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் வசந்தாவிடம் சொன்னேன். விற்றுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, முத்தாபுதுப்பேட்டையில் கரீம் பாய் என்று ஒருவர் இருக்கிறாராம், ஏகாம்பரம் சொன்னான், அவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு விற்கலாமே என்றாள்.

அந்தக் காரைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நோட்டை மூடிவிட்டு வாருங்கள்

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை, குமணன்சாவடியில் அவமானப்பட்டு, பூந்தமல்லி, ஆவடி வழியாக நாற்பதிலேயே முத்தாபுதுப்பேட்டை போய்ச் சேர்ந்தேன்.

தகரக் கூரை, வேப்பமரம், மரத்தடியில் கழற்றிப் போட்ட சைலன்சர்கள். கரீம் பாய் என் வயதுக்காரர். தாடி வெள்ளை, கை கறுப்பு. நான் டிக் சொல்லிக் காட்டத் தொண்டையைச் செருமினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மற்ற மூவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எப்பலேர்ந்து சார்?"

அந்தக் கேள்விக்காக நான் இரண்டு மாதம் காத்திருந்தேன். குறிப்பேட்டைப் பிரித்தேன். எங்கிருந்து படிக்கட்டும் என்று கேட்டேன். சத்தம் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து என்றார். படித்தேன்.

"புதன். வெளிவட்டச் சாலை. நூற்றுப் பத்து. வசந்தாவிடம் சொன்னேன். பேசவில்லை. வியாழன். பேசவில்லை. வெள்ளி. வசந்தா காலையிலேயே கோயில். ஏகாம்பரம் இன்று பானெட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்தான். பாராட்டினேன். மாலையில் வசந்தா பேசினாள். சனி. டிக் டிக் ஆரம்பம்."

"அந்த வெள்ளிக்கெயமைய இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"சார், நாப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். கார் தொடைக்கிற ஆளு, யாரும் சொல்லாம பானெட்டத் தொறந்து உள்ள தொடைச்சத நான் கேள்விப்பட்டதே இல்ல." டார்ச்சை என்னிடம் நீட்டினார். "நோட்ட மூடிட்டு இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். கறுப்புக் குழாய்கள், கறுப்பு ஒயர்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றின் நுனியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு செம்புத் தாயத்து. மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. எஞ்சின் நடுங்கும்போதெல்லாம் அது ஊஞ்சல் மாதிரி ஆடி, பக்கத்திலிருந்த அலுமினிய மூடியைத் தட்டியது. டிக். டிக். டிக்.

"எடுங்களேன் பாய்" என்றேன். 

"நான் தொட மாட்டேன் சார். ஊட்ல யாரோ நம்பிக்கையா கட்டனது. எங்க ஊட்லயும் கட்டுவாங்க. அத்தயும் நான் தொட மாட்டேன். நீங்களே தூக்கிப் பாருங்க."

ஒரு விரலால் தூக்கினேன். எஞ்சின் அமைதியாக முனகியது. விரலை எடுத்தேன். டிக்.

கையைக் காலரில் துடைத்துக்கொண்டே தனபாலுக்கு போன் போட்டேன். உள்ளே ஒரு தாயத்து இருந்ததே, கவனித்தீர்களா என்று கேட்டேன்.

"அத்த பாக்காமயா சார்? மொத நாளே பாத்தேன். சாமி சமாச்சாரம். கண்ணுல ஒத்திகினு, ஓரமா ஒரு கையால புடிச்சிகினுதான் வேலையே பாத்தேன். நீங்க கட்டனதுன்னு நெனச்சேன்."

பூந்தமல்லிக்காரரும் அதையே சொன்னார், கொஞ்சம் கோபத்தோடு. ஒர்க்ஷாப்பைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கொடுத்த ரசீது பையிலேயே இருந்தது. வண்டியில் உள்ள வாடிக்கையாளரின் பொருள்கள் என்ற பட்டியலில், குடை ஒன்று, கூலிங் கிளாஸ் ஒன்று, அதற்கடியில் தெளிவாக, பூஜைப் பொருள் ஒன்று, அகற்றவில்லை என்று இருந்தது. அதை நான் படித்திருக்கிறேன். டேஷ்போர்டில் இருக்கிற பிள்ளையார் என்று நினைத்து, பக்கத்தில் சரி என்று டிக் அடித்தும் வைத்திருக்கிறேன்.

ஆக, எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் தொடவில்லை. பார்க்காதவன் ஒருவன்தான்; அவன் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

"அவுத்துடறீங்களா?" என்று கேட்டார் பாய்.

கயிற்றைப் பார்த்தேன். மூன்று முடிச்சு. ஏகாம்பரம் கட்டியிருப்பான்; சொன்னது வசந்தா. இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் காலையில் கோயிலுக்குப் போய் வந்து கட்டச் சொன்னது. அவிழ்க்கக் கை வரவில்லை.

பாய் ஒரு பழைய சைக்கிள் ட்யூபில் சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தார். தாயத்துக்கு நானே உறை மாட்டினேன். மயிரிழை பிசகாமல். குனிந்த வேகத்தில், ரேடியேட்டர் மேல் அன்றைய பக்கத்தைப் பிரித்து வைத்திருந்த குறிப்பேட்டின் மீது ஆயில் கேன் சாய்ந்தது. தேதி போனது அப்போதுதான்.

எஞ்சினை ஓடவிட்டோம். வேப்பமரத்தில் ஏதோ பறவை கத்தியது கேட்டது.

டாப்பெட்

வழியிலேயே வண்டியை ஓரம்கட்டிப் பட்டாபிராம்காரருக்கு போன் செய்து, விற்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. வாங்க வேண்டாம் என்று வீட்டில் திட்டுகிறார்கள் சார் என்றார்.

வீட்டுக்கு வரும்வரை ஒன்று மட்டும் தீர்மானம் செய்துகொண்டேன். வசந்தாவிடம் சொல்லக் கூடாது. நம்பிக்கையாகக் கட்டியதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்று தெரிந்தால் அவள் நொந்துபோவாள்.

காபி கொண்டுவந்தாள்.

"பாய் என்ன சொன்னாரு?"

"டாப்பெட்தான். சரி பண்ணிட்டாரு."

"டாப்பெட்டா?"

"ஆமா."

டம்ளரை வைத்தாள். "கயிறு அறுந்துடலையே?"

காபி சூடாக இருந்தது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். எதையாவது எழுத வேண்டுமே.

நான் காலண்டர் வைத்துக் கேட்ட அன்றே அவளுக்குத் தெரியுமாம். ஏகாம்பரம் மாடிக்கு வந்து, அம்மா, அது ஆடிகினு தட்டுது, சார் காலண்டர வெச்சி கேட்டுகினு கீறாரு, அவுத்து வேற எடத்துல கட்டட்டுமா என்று கேட்டிருக்கிறான். இருக்கட்டும் என்று இவள் சொல்லிவிட்டாள்.

"ஏன்?"

"தாயத்து கட்டினது நீங்க மெதுவாப் போகணும்னுதான். கட்டின மறுநாள்லேருந்து நீங்க நாப்பதைத் தாண்டல." முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். "காலையில நீங்க கீழ வண்டி எடுக்கும்போது டிக் டிக்னு மாடி வரைக்கும் கேக்கும். சரி, பத்திரமா வந்துடுவாருன்னு நான் பாட்டுக்கு என் வேலையைப் பாப்பேன்."

மூன்று மெக்கானிக்குகள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு வாட்ஸ்அப் குழு. இத்தனை பேரைத் தெரு முழுக்கத் தேட விட்டுவிட்டு இவள் நிம்மதியாகச் சமைத்திருக்கிறாள். கோபப்படலாமா என்று யோசித்தேன்.

"அப்புறம் எதுக்குப் பாய்கிட்ட அனுப்பினே?"

"ஏகாம்பரம்தான் சொன்னான், அவரு கண்ணுல அது பட்டா உங்ககிட்டயே வாயைத் திறந்து கேட்டுடுவாருன்னு." டம்ளரைக் கையில் எடுத்தாள். "விக்கப் போறேன்னு சொன்னப்ப உங்க மூஞ்சி நல்லா இல்ல."

மறுபடி குமணன்சாவடி

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, கார் கைமாறியிருக்க வேண்டிய நேரத்தில், காய்கறி வாங்கக் குமணன்சாவடிக்குக் கிளம்பினோம். அவளாகத்தான் வருகிறேன் என்றாள். ஏகாம்பரம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். என் கண்ணைப் பார்க்காமல் கண்ணாடியை ஒரு தடவை அதிகமாகவே துடைத்தான்.

எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. சாலை காலி. எதிரே அரை கிலோமீட்டருக்கு ஒரு வண்டி இல்லை. வசந்தா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது எதையோ தேடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து, வேகத்தைக் குறைத்து, எங்களோடு சேர்ந்து ஓடியது. அதே டிரைவர்.

"இன்னா நைனா, இன்னும் ரன்வே கெடைக்கலியா?"

வசந்தா கண்ணாடியை இறக்கினாள். "அவரு இன்னும் டேக் ஆஃப் கத்துக்கல தம்பி, நீ போ" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளும் சிரித்தாள். கைப்பையை மடியில் வைத்துவிட்டு, சீட்டில் சாய்ந்தாள். அந்தக் காரில் அவள் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றைய பக்கத்தில் ஆயில் படவில்லை. தேதியெல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் போன பக்கத்துக்குத் தேதி இல்லாதபோது இதற்கு மட்டும் எதற்கு என்று விட்டுவிடுகிறேன். மற்ற கட்டங்களில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

சத்தம்: இல்லை.

அதிகபட்ச வேகம்: நாற்பது.